நனைகிறவள் சொல்லட்டும்

ஒரு மழைக்கோட்டு செத்துப்போயிற்று என்று யார் சொல்வது? ஸ்டோர் ரெஜிஸ்டரா, மேஸ்திரியா, எஸ்.அய்.யா, காண்ட்ராக்டரா, இல்லை அதைப் போட்டுக்கொண்டு விடியற்காலையில் தெருவில் நிற்கிற பொம்பளையா? கேட்டால் சின்னக் கேள்வி மாதிரிதான் இருக்கும். 'இதையெல்லாமா எழுதுவீங்க, பெரிய பிரச்சனை எவ்வளவோ கிடக்கே' என்று நம் தோழர்களே சொல்வார்கள். சொல்லட்டும். சாதி எங்கே இருக்கிறது என்று புராணத்துக்குள்ளும் கல்வெட்டுக்குள்ளும் போய்த் தேடுகிற நாம், ஒரு தடவை அந்தக் கோட்டின் தோள்பட்டைத் தையலுக்குள்ளும் விரலை விட்டுப் பார்க்கலாம். அங்கேயும் இருக்கிறது.

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது எனக்கு மழை சொல்லிக்கொடுத்தார்கள். முல்லைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. போருக்குப் போன தலைவன், காத்திருக்கிற தலைவி, மலர்கிற முல்லைப் பூ. அய்ந்து மார்க் கேள்வி, பத்து மார்க் கேள்வி. மழை பெய்தால் சாக்கடை பொங்கும், பொங்கினால் அதை அள்ள ஒருத்தி போவாள் என்று எந்த உரையாசிரியனும் எழுதி வைக்கவில்லை. எங்க அம்மா ஒரு நகராட்சியில் கூட்டுகிற வேலை பார்த்தவள். மஸ்டருக்கு முன்னால் நிற்கவேண்டும், மழையோ இடியோ. நகராட்சி கொடுத்த கோட்டு இரண்டாவது மழைக்கே தோளில் வெடித்தது. சைக்கிள் டியூப்பு ஒட்டுகிற பசையை வைத்து ஒட்டிக் கொடுத்தோம். பக்கத்தில் இன்னொரு வெடிப்பு வந்தது. ஸ்டோரில் போய்க் கேட்டதற்கு 'குடுத்து இன்னும் வருசம் ஆகலையேம்மா' என்று ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார்கள். அந்த ரெஜிஸ்டரில் கோட்டு நன்றாகவே இருந்தது. எங்க அம்மாவின் முதுகுதான் நனைந்திருந்தது. அப்புறம் என்ன, உரச் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். அவளுடைய அம்மா நாற்று நட்ட வயலில் போட்டுக்கொண்ட அதே கொங்காணி.

இது ஏதோ ஒரு ஸ்டோர்கீப்பரின் கெட்ட குணம் என்று விட்டுவிட முடியாது. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதிக்காரர்கள் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஜே.எச். ஹட்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி இந்தியாவின் சாதிகளைப் பற்றி 1946-இல் வெளியிட்ட புத்தகத்தில் அந்தப் பட்டியல் இருக்கிறது. தங்க நகை, வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போட்டு மேலுடம்பை மறைக்கக்கூடாது. இப்படியே போய் எட்டாவது தடை: ஆண்கள் வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக்கூடாது, காலில் செருப்புப் போடக்கூடாது. எங்க சனங்கள் இதற்கு அடங்கவில்லை. அடுத்த வருசம், 1931-இல், எட்டு 11 ஆயிற்று.

குடையைப் பார்த்து அவனுக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம்? மழை எல்லார் தலையிலும் ஒரே மாதிரிதான் விழுகிறது. அதைத் தடுத்துக்கொள்கிற உரிமை மட்டும் ஒருவனுக்கு இருந்து இன்னொருவனுக்கு இல்லையென்றால்தான் மேல்-கீழ் கண்ணுக்குத் தெரியும். நனைந்த உடம்பு, வெறுங்கால், குனிந்த தலை: இதுதான் அவன் பார்க்க விரும்பிய பறையன், சக்கிலியன், பள்ளன்.

இன்றைக்கு எவனும் ஊர்ச் சாவடியில் உட்கார்ந்து அந்தத் தடையைச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னால் கேஸ் ஆகும். ஆகவே கோட்டு கொடுக்கிறார்கள், பூட்சு கொடுக்கிறார்கள், கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்கிறார்கள், போட்டோ எடுத்துப் பேப்பருக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தக் கோட்டு ஒழுக ஆரம்பித்த நாளிலிருந்து அடுத்த கோட்டு வருகிற நாள் வரைக்கும் எட்டாவது தடை அமலில் இருக்கிறது. அது எத்தனை நாள் என்பதை முடிவு செய்கிற அதிகாரம் எங்க சனங்கள் கையில் இல்லை. இந்தக் கட்டுரை அந்த நாட்களைப் பற்றியது.

கோட்டு எப்படிச் சாகிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம். தெரியாதவரைக்கும் 'நல்லாத்தானே இருக்கு' என்று சொல்கிறவன் வாயை அடைக்க முடியாது.

வேலைக்குக் கொடுக்கிற மலிவான மழைக்கோட்டு பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று முழுக்க பி.வி.சி. ஷீட். இன்னொன்று மெல்லிசான நைலான் அல்லது பாலியெஸ்டர் துணி, அதன் உள்பக்கம் பி.வி.சி. அல்லது பாலியூரித்தேன் பூச்சு. இரண்டாவது வகையில் துணி தண்ணீரைத் தடுப்பதில்லை, பூச்சுதான் தடுக்கிறது. துணி கிழியாமல் பளபளவென்று இருக்கும், பூச்சு போயிருக்கும். தூரத்தில் நின்று பார்க்கிற அதிகாரிக்குத் துணி மட்டும்தான் தெரியும்.

பி.வி.சி. என்பது வீட்டுக் குழாய் செய்கிற அதே பொருள். இயல்பில் விறைப்பானது. மடங்கவேண்டும் என்பதற்காக அதில் மென்மையாக்குகிற ஒரு ரசாயனத்தைக் கலக்கிறார்கள். வெயிலிலும் சூட்டிலும் நாளாக நாளாக அது வெளியேறிப்போகும். அப்புறம் ஷீட் விறைக்கும், மடித்த கோட்டிலேயே வெடிக்கும். வெடிப்பு வருவதற்கு முன்னால் வெள்ளை வெள்ளையாக மடிப்புத் தழும்பு விழும், மடக்கினால் காய்ந்த சருகு மாதிரி சத்தம் கேட்கும். பாலியூரித்தேன் வேறு மாதிரி சாகும். ஈரமும் சூடும் சேர்ந்து அதைச் சிதைக்கும். முதலில் பிசுபிசுக்கும், ஒரு புளித்த வாடை வரும், கடைசியில் அம்மைத் தழும்பு உரிகிற மாதிரி உரிந்து கையோடு வரும். ஈரத்தோடு சுருட்டிச் சாக்கில் திணித்து வைத்தால் சீக்கிரமே வரும். ஈரத்தோடு ஏன் சுருட்டி வைக்கிறார்கள்? காயப்போட இடம் எங்கே இருக்கிறது? ஒற்றை அறை வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் சொட்டுகிற கோட்டைச் சோற்றுப் பானைக்கு மேலேயா தொங்கவிடுவாள்?

மூன்றாவது சாவு தையலில். ஊசி இறங்குகிற ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. அந்த ஓட்டைகளை மூடத்தான் உள்பக்கம் தையலின் மேல் பட்டையாக ஒரு டேப்பு ஒட்டியிருப்பார்கள். மட்டமான சரக்கில் அந்த டேப்பே இருக்காது. இருந்தாலும் அக்குள், தோள், தொப்பி கழுத்தோடு சேருகிற இடம் ஆகியவற்றில் முதலில் உரியும். கூடை தூக்குகிற தோள், வண்டிக் கைப்பிடி இடிக்கிற வயிறு, முழங்கை: இங்கெல்லாம் தேய்ந்து பூச்சு போகும். அதாவது எந்த இடத்தில் வேலை அதிகமோ அந்த இடத்தில்தான் கோட்டு முதலில் சாகும். ஆபீசில் ஆணியில் தொங்குகிற கோட்டுக்கும் குப்பை வண்டி தள்ளுகிற கோட்டுக்கும் ஒரே ஆயுசு என்று ரெஜிஸ்டர் எழுதுவது எவ்வளவு பெரிய பொய் என்று இதிலிருந்தே தெரியும்.

இது ஒன்றும் புதுசாகக் கண்டுபிடித்த ரகசியம் இல்லை. 1823-இல் ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் மேக்கின்டாஷ் ரப்பரைக் கரைத்து இரண்டு துணிகளுக்கு நடுவில் பூசிக் காப்புரிமை வாங்கினார். மழைக்கோட்டுக்கு அங்கே அவர் பேரே நிலைத்துப்போயிற்று. அந்த முதல் கோட்டுகளே சூட்டில் பிசுபிசுத்தன, குளிரில் விறைத்தன. 200 வருசமாகத் தெரியும், தண்ணீர் புகாத துணிக்கு ஆயுசு உண்டென்று. பணம் இருக்கிறவன் பொழுதுபோக்குக்கு மலையேறப் போகிறான். கோர்டெக்ஸ் மாதிரி சவ்வு வைத்த கோட்டு போடுகிறான். வேர்வை ஆவி வெளியே போகும், மழை உள்ளே வராது. மேல்துணியில் தண்ணீர் முத்தாக உருளாமல் ஊற ஆரம்பித்தால் பயப்படாதே, துவைத்து, லேசாகச் சூடு காட்டி, நீர் விலக்கும் மருந்தை மறுபடி அடி. உள்பூச்சு உரிந்துவிட்டால் அப்புறம் ஒட்டாதே, புதுசு வாங்கு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்கப் புத்தகம் இருக்கிறது, கடைக்காரன் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை நனையப் போகிறவனுக்கு இவ்வளவு அறிவு திரட்டி வைத்திருக்கிறது உலகம். வருசம் முழுக்க மழையில் நிற்கிறவளுக்கு ஒரு வரி எழுதிக் கொடுக்கவில்லை. சரி, நாமே எழுதிக்கொள்வோம்.

சோதிக்க லேபரட்டரி வேண்டாம். ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு பழைய பேப்பர், ஒரு டார்ச்சு போதும். கோட்டை உள்பக்கம் திருப்பி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம் தெரிந்தால் பூச்சு போயிற்று. டேப்பை நகத்தால் கிளறுங்கள். சுலபமாகக் கிளம்பினால் தையல் போயிற்று. உள்ளே பேப்பரை விரித்து, தோள்பட்டையைக் குழியாக்கித் தண்ணீர் தேக்கி பத்து நிமிசம் விடுங்கள். பேப்பர் நனைந்தால் ஒழுகல். பேப்பர் நனையவில்லை, ஆனால் போட்டுக்கொண்டு வேலை செய்தால் உள்ளே நனைகிறது என்றால் அது வேர்வை. காற்றுப் போக வழியில்லாத கோட்டு. அதுவும் குறைதான், ஆனால் வேறு குறை. இந்த இரண்டையும் குழப்பித்தான் 'அது ஒழுகல் இல்லம்மா, உன் வேர்வை' என்று ஏமாற்றுகிறார்கள்.

கம்பூட்டைப் பாருங்கள். கால் விரல் மடங்குகிற இடத்தில் ரப்பர் வெடிக்கும். காய்ந்த பேப்பரை உள்ளே திணித்து, வாய்விளிம்பு முங்காமல் வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிடித்தால் தெரிந்துவிடும். கண்ணாடிச் சில்லு குத்தின ஓட்டை அடியில் இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. அடிப்பள்ளம் தேய்ந்து மொழுக்கென்று ஆகிவிட்டால் ஒழுகாவிட்டாலும் அது செத்ததுதான். வழுக்கி விழுந்தால் இடுப்பு போகும். கையுறைக்குள் காற்றை அடைத்து மணிக்கட்டை முறுக்கித் தண்ணீருக்குள் அமுக்கினால் ஓட்டையிருந்த இடத்தில் குமிழி வரும். ஒளிரும் பட்டையை இருட்டில் டார்ச்சு அடித்துப் பாருங்கள். மங்கலாகத் திரும்பினால் லாரிக்காரன் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள்.

எதை ஒட்டலாம், எதைத் தூக்கியெறியலாம் என்பதும் தெரியவேண்டும். ஒரு ஆணி கிழித்த ஒற்றைக் கிழிசலை ஒட்டலாம். ஒரு சாண் டேப்பு உரிந்தால் மறுபடி ஒட்டலாம். மடிப்புக்கு மடிப்பு வெடிப்பு, கைக்குக் கை உரிகிற பூச்சு, விரல் மடங்குகிற இடத்தில் பிளந்த பூட்சு, ஓட்டையான கையுறை: இவற்றுக்கு வைத்தியம் கிடையாது. ஒட்டிக்கொடு என்பவன் கொலைகாரன்.

கொலைகாரன் என்ற சொல்லைக் கோபத்தில் எழுதவில்லை. வெறும் மழைத் தண்ணீராக இருந்தால் சளிக் காய்ச்சலோடு போகும். குப்பைக்காரி நனைவது மழையில் மட்டுமா? குப்பையிலிருந்து வடிகிற கழிவுநீர், பொங்கின மலக்குழித் தண்ணீர், ஆஸ்பத்திரிக் கழிவு, செத்த நாய். எலி மூத்திரத்திலிருந்து வருகிற கிருமி தேங்கின தண்ணீரில் கலந்து, காலில் உள்ள சின்ன வெட்டு வழியாக, ஊறிப்போன தோல் வழியாக உடம்புக்குள் போகும். எலிக்காய்ச்சல். முற்றினால் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். சேற்றுப்புண் வந்த கால் அந்தக் கிருமிக்குத் திறந்த வாசல். ஒழுகுகிற பூட்சு வெறுங்காலைவிட மோசம். உள்ளே போன அழுக்குத் தண்ணீர் எட்டு மணிநேரம் காலைச் சுற்றியே நிற்கும். அவள் செத்தால் சர்டிபிகேட்டில் காய்ச்சல் என்று இருக்கும். ஓட்டை பூட்சு என்று இருக்காது.

இனி சட்டத்துக்கு வருவோம். மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்கிற சட்டம் 2013-இல் வந்தது, டிசம்பர் 6-ஆம் தேதி, அண்ணல் நினைவு நாளன்று அமலுக்கு வந்தது. அதே மாதம் அதற்கு விதிகள் வந்தன. சாக்கடை, செப்டிக் டேங்க் வேலைக்கு ஆளை விட நேர்ந்தால் கொடுக்கவேண்டிய பாதுகாப்புப் பொருட்கள் என்று 40-க்கும் மேற்பட்டவற்றை அடுக்குகிறது விதி. மழைக்கோட்டு இருக்கிறது, கம்பூட்டு இருக்கிறது, கையுறை இருக்கிறது. அடுத்து வருவதுதான் முக்கியம்: இவற்றை ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதிக்கவேண்டும், தரம் கெட்டது தெரிகிறபோதெல்லாம் பழுதுபார்க்கவோ மாற்றவோ வேண்டும். பாருங்கள், 'வருசம் ஆகட்டும்' என்று விதி சொல்லவில்லை. கெட்டால் மாற்று என்கிறது. சட்டத்துக்கு இருக்கிற அறிவு ஸ்டோருக்கு இல்லை.

தெருக் கூட்டுகிறவர்களுக்கும் குப்பை அள்ளுகிறவர்களுக்கும் 2016-இல் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. சீருடை, ஒளிரும் மேலாடை, கையுறை, மழைக்கோட்டு, தகுந்த காலணி, முகமூடி ஆகியவற்றை வேலை நடத்துகிறவன் எல்லாத் தொழிலாளருக்கும் கொடுப்பதையும், அவர்கள் அதைப் பயன்படுத்துவதையும் உள்ளாட்சி உறுதி செய்யவேண்டும் என்று அவை எழுதின. நல்லது. ஆனால் அந்த வரியில் 'கொடு' இருந்தது, 'மாற்று' இல்லை. எங்க சனங்களின் முதுகு நனைவது அந்த இடைவெளியில்தான்.

காண்ட்ராக்டு வந்த பிறகு அந்த இடைவெளி அகலமாயிற்று. 2025 ஆகஸ்டில் சென்னை இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீசு அள்ளிக்கொண்டு போயிற்று. வேலை நிரந்தரம், சம்பளம் என்று அந்தப் போராட்டத்தைப் பற்றி நிறையப் பேசினோம். கோட்டையும் சேர்த்துப் பேசவேண்டும். காண்ட்ராக்டர் மாறினால் பழைய கம்பெனியின் கோட்டு என்ன ஆகும்? புதுக் கம்பெனி எப்போது கொடுக்கும்? ஆபீசில் கேட்டால் கம்பெனியைக் கேள் என்பான். கம்பெனியில் கேட்டால் பில் பாஸ் ஆகவில்லை என்பான். கிழிந்த கோட்டுக்கு அப்பன் கிடையாது. நிரந்தர வேலைக்காரி ரெஜிஸ்டரையாவது எதிர்த்துக் கேட்கலாம். காண்ட்ராக்டு வேலைக்காரி கேட்டால் மறுநாள் மஸ்டரில் பேர் இருக்காது. கோட்டு எப்போது மாறும் என்பது கடைசியில் வேலை யார் கையில் என்ற கேள்விதான்.

எதிர்த்தரப்பு சொல்கிற மூன்று பதில்கள் எனக்கு மனப்பாடம். 'கொடுத்தாலும் இதுங்க போடுறதில்ல சார்.' ஏன் போடுவதில்லை என்று கேட்டிருக்கிறாயா? ஆம்பளை அளவில் தைத்த கோட்டைப் புடவைக்கு மேலே போட்டுக் குனிந்து கூட்டிப் பார். ஒன்பதாம் நம்பர் பூட்சுக்குள் அய்ந்தாம் நம்பர் காலை விட்டு நடந்து பார். வேர்வையில் அவிந்து, ஒழுகலில் நனைந்து, இரண்டு பக்கமும் ஈரம் என்றால் அதை எதற்குச் சுமக்கவேண்டும்? அவள் கழற்றி வைப்பது சோம்பலில் இல்லை. அந்தக் கோட்டு செத்துவிட்டது என்று அவள் கொடுக்கிற தீர்ப்பு அது. நீ அதை ஒழுங்கீனம் என்று எழுதுகிறாய்.

'வித்துடுறாங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுறாங்க.' ஆமாம், செத்த கோட்டு வீட்டுக்கு வரும். கூரை ஒழுகுகிற இடத்தில் போடுவோம், அடுப்பு விறகை மூடி வைப்போம். குடிசை மாற்று வாரியம் கட்டிக் கொடுத்த வீடே ஒழுகுகிறது, என்ன செய்யச் சொல்கிறாய்? பழையதை ஒப்படைத்தால்தான் புதுசு என்று பூட்டுப் போடுகிறவன், ஆபீசு நாற்காலிக்கு அந்தப் பூட்டைப் போட்டிருக்கிறானா?

'நிதி இல்லை.' இந்தப் பதிலுக்குத்தான் சிரிப்பு வருகிறது. மலக்குழியில் செத்தவன் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் 30 லட்சம் என்றது. பிணத்தின் விலையை உயர்த்திக்கொண்டே போகலாம், உயிரோடு இருக்கிற உடம்புக்குச் சில நூறு ரூபாய்க் கோட்டுக்கு நிதி இல்லையாம். 2019-இல் கும்பமேளாவில் பிரதமர் துப்புரவுத் தொழிலாளர்கள் அய்ந்து பேர் காலைக் கழுவினார். கழுவின காலுக்கு ஓட்டையில்லாத பூட்சு யார் கொடுப்பது? கொரோனா வந்த 2020-இல் இங்கே துப்புரவுப் பணியாளர் என்ற பேரை மாற்றித் தூய்மைப் பணியாளர் என்றார்கள், மாலை போட்டார்கள், பூத்தூவினார்கள். பேர் தேய்ந்தது தெரிந்தது, மாற்றினார்கள். கோட்டு தேய்ந்தது மட்டும் இவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

இனி நம்முடைய ஆட்களோடு பேசவேண்டும். அது இன்னும் கஷ்டம். 'ரெயின்கோட்டு கேட்பது சீர்திருத்தவாதம். நல்ல கோட்டு, நல்ல பூட்சு கேட்டால் இந்தத் தொழிலை நாமே நிரந்தரமாக்குகிறோம். தொழிலையே ஒழிக்கணும்' என்று ஒரு கூட்டத்தில் ஒரு தோழர் சொன்னார். கைதட்டல் விழுந்தது. அந்தக் கைதட்டலில் பாதியை நானும் ஒத்துக்கொள்கிறேன். மலக்குழிக்குள் மனுசன் இறங்குவதற்கு எந்தக் கோட்டும் பரிகாரம் இல்லை. அங்கே கொல்வது விசவாயு. கோட்டு அதைத் தடுக்காது. உலகத்திலேயே ஒசத்தியான கோட்டைக் கொண்டுவந்தாலும் குழிக்குள் இறங்கமாட்டோம் என்பதில் பேரம் கிடையாது. பாதுகாப்பு உடை கொடுத்துவிட்டோம் என்று போட்டோ காட்டி ஆளை இறக்குகிற தந்திரத்தை நாம் அம்பலப்படுத்தவேண்டும்.

ஆனால் தோழரே, தெருவில் நிற்கிறவளிடம் போய் 'சாதி ஒழிகிற வரைக்கும் நனைந்துகொண்டு இரு' என்று சொல்ல உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது பிற மாவட்டங்களிலிருந்தெல்லாம் எங்க சனங்களைக் கொண்டுவந்து குப்பை மலைகளை அள்ளவைத்தார்கள். அன்றைக்கு அவர்களுக்கு நல்ல பூட்சு கேட்டுக் கத்தியிருந்தால் புரட்சி தள்ளிப்போயிருக்குமா? காய்ச்சலில் கிடக்கிற உடம்பு வேலைநிறுத்தம் செய்யாது, ஊர்வலம் போகாது, பிள்ளையைப் படிக்கவைக்காது. தன் பிள்ளை இந்த வேலைக்கு வரக்கூடாது என்று துடைப்பத்தைப் பிடித்த தாய்தான் தொழிலை ஒழிக்கிற முதல் ஆள். அவள் உயிரோடு இருக்கவேண்டும். என்னை எம்.ஏ. வரைக்கும் கொண்டுவந்தது ஒழுகுகிற ஒரு கோட்டுக்குள் இருந்த உடம்பு.

இன்னொன்று. 'கொடுங்க சாமி' என்று கோட்டைக் கேட்பது வேறு, 'இது செத்தது, இதைப் போட்டுக்கொண்டு வேலை செய்யமாட்டேன்' என்று மறுப்பது வேறு. முதலாவது பிச்சை, அதைச் சீர்திருத்தம் என்று வேண்டுமானால் சொல்லுங்கள். இரண்டாவது, தன் உடம்பைப் பற்றித் தானே தீர்ப்புச் சொல்கிற அதிகாரம். காலங்காலமாக எங்க உடம்பு எங்கே நிற்கணும், எதைத் தொடணும், எதை உடுத்தணும் என்று மற்றவன் சொன்னான். இந்த உடுப்பு எனக்கு உதவாது என்று உடுத்தினவள் சொல்லி, அதை அதிகாரி எழுதிக்கொள்கிற நாள், எட்டாவது தடை உண்மையாகவே உடைகிற நாள்.

ஆகவே கோரிக்கைகளைத் தெளிவாகச் சொல்வோம். ஒவ்வொரு கோட்டிலும் பூட்சிலும் கொடுத்த தேதி அழியாத மையில் இருக்கவேண்டும். ஆனால் தேதி கோட்டின் வயசைச் சொல்லமட்டும்தான், சாவைச் சொல்ல இல்லை. மாதம் ஒரு தடவை வார்டு ஆபீசில், வேலை நேரத்துக்குள், தொழிலாளர்கள் முன்னிலையில் தண்ணீர் ஊற்றிச் சோதிக்கவேண்டும். ஒழுகுகிறது என்று போட்டவள் சொன்னால் அன்றைக்கே வேறு கொடுக்கவேண்டும், பழையதைக் கேட்டு மடக்கக்கூடாது. வடகிழக்குப் பருவமழை அய்ப்பசியில் வருகிறது. புரட்டாசிக்குள் உதிரி கோட்டும் பூட்சும் வார்டிலேயே இருக்கவேண்டும், பொங்கலுக்கு வந்து சேரக்கூடாது. பெண்களின் அளவில், பெண்களிடம் போட்டுப்பார்க்கக் கொடுத்துவிட்டு வாங்கவேண்டும். துவைக்கவும் காயப்போடவும் வார்டு ஆபீசிலேயே இடம் வேண்டும். சாக்கடையை எங்க வீட்டுக்குள் அனுப்பாதே. ஒழுகாத கோட்டு இல்லாத நாளில் மழையில் வேலை இல்லை, சம்பளம் பிடிக்கக்கூடாது. காண்ட்ராக்டர் கொடுக்கவில்லையென்றால் கொடுக்கிற பொறுப்பு மாநகராட்சிக்கு, நகராட்சிக்கு.

இதைப் படிக்கிற மாணவர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். உங்கள் ஊர் நகராட்சிக்கு ஒரு மனு எழுதுங்கள். கடைசியாக மழைக்கோட்டு, கம்பூட்டு, கையுறை எந்தத் தேதியில் எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள்? என்ன தரம் கேட்டு டெண்டர் விட்டீர்கள், தையலுக்கு டேப்பு கேட்டீர்களா? சாக்கடை வேலைக்கான பொருட்களை விதிப்படி ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதித்த பதிவேட்டின் நகல் எங்கே? கெட்டது என்று எத்தனையை மாற்றினீர்கள்? பதில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு மஸ்டர் நேரத்துக்கு வார்டு ஆபீசுக்குப் போய் அங்கே நிற்கிற அக்காக்களுக்குப் படித்துக் காட்டுங்கள். ரெஜிஸ்டரில் இருக்கிற கோட்டுக்கும் அவர்கள் போட்டிருக்கிற கோட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள். அதை அப்படியே எழுதுங்கள். தலித் இலக்கியம் என்று தனியாக ஒன்றை ராத்திரி உட்கார்ந்து யோசிக்கவேண்டியதில்லை.

கிழிந்த கோட்டை இனிமேல் ஒட்டிக் கொடுக்கமாட்டோம். கொண்டுபோய் ரெஜிஸ்டர் மேலே போடுவோம். நனைகிறவள் சொல்கிறாள், இது செத்துவிட்டது. எழுதிக்கொள்.